வடக்குத் தெருச் சூடமும் தெற்குத் தெரு மெழுகுவர்த்தியும்

செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளாகப் பார்த்துத்தான் வாங்கினேன். இருந்தும் எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கின்றன. புதிதாக ஏரில் கட்டிய காளை உழவுச் சாலை விட்டு விலகி விலகிப் போகுமே, அப்படிப் போகின்றன. எங்காவது ஒரு எழுத்து மற்றதைவிடப் பெரிதாக இருந்தால், அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன் என்று வைத்துக்கொள். மை திட்டாக இருந்தால், யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நீ பிரசிடெண்ட் எலெக்சனுக்கு நிற்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து உன்னைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. பல் விளக்க வாசலுக்கு வரும்போதே உன்னைச் சுற்றி ஆள் நிற்கிறது. நான் வாயைத் திறந்தால் "எலெக்சன் முடியட்டும்பா" என்கிறாய். எலெக்சன் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லாத விஷயம் இது. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுதப் பழகி ஒரு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் ஒருவருக்கும் ஒரு கடிதம் எழுதவில்லை. எழுதிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருக்கிறது. இதுதான் முதல் கடிதம்.

இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ சின்ன வயதில் கற்றுக்கொண்டதால் அது உனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அப்படி இல்லை. கோவில்பட்டிக்குப் போனால் பஸ் ஸ்டாண்டில் வேலை இல்லாமலே நின்று, வருகிற பஸ் போகிற பஸ் எல்லாவற்றின் போர்டையும் படிக்கிறேன். பசுவந்தனை, குளத்தூர், விளாத்திகுளம். பீடி பற்றவைக்கும்போது தீப்பெட்டி மேல் இருப்பதைப் படித்து முடிக்கும் வரை குச்சியை உரசுவதில்லை. உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அப்படித்தான் போன வாரம் பள்ளிக்கூடச் சந்தில் உன் ஆட்கள் எழுதியிருந்த சுவரைப் படித்தேன். ஒரு சுவரை முழுவதும் படித்தது அதுதான் முதல் தடவை. 'நேர்மையும் திறமையும் மிக்க உங்கள் வேட்பாளர் செல்வம், பூட்டு சாவிக்கு வாக்களியுங்கள்.' உன் பெயரைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போதுதான் அந்த முதல் இரண்டு சொல்லிலும் நின்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் முதியோர் வகுப்பு சாந்தி வந்தாள். பகலில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிவிட்டுச் சாயங்காலம் எங்களைப் போலக் கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிற பிள்ளை. "ஏத்தா, இந்த நேர்மைங்கிறது என்னது? நம்ம பேச்சில சொல்லு" என்றேன். அவள் சுவரையும் என்னையும் பார்த்துவிட்டு, "உங்க மவனைக் கேளுங்க தாத்தா. அவியதான எழுதிப் போட்டிருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ, எனக்கு அது மண்டைக்குள் நின்றுவிட்டது. இத்தனை காலமும் யார் எதைச் சொன்னார்களோ அந்தச் சின்னத்தில் குத்திவிட்டு வந்தேன். பக்கத்தில் எழுதியிருப்பது நிஜமா என்று யோசிக்கிற வேலை எனக்கு இருந்ததில்லை. எழுத்துத் தெரிந்ததும் இந்த வேலையும் கூடவே வந்துவிட்டது. நிற்கிறது வேறு யாராவது என்றால் அக்கம்பக்கம் விசாரித்து முடிவு செய்யலாம். நிற்கிறவன் என் மகன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தால், நிறைய இருக்கிறது.

திறமையை முதலில் எடுத்துக்கொண்டேன். நீ பிளஸ் டூ முடித்துவிட்டு, காட்டு வேலையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நான் குளத்தூரில் உன் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். ஆவணி கடைசியில் ஒரு நல்ல மழை விழுந்தது. மண் ஈரத்தைப் பார்த்ததும் நீ ஓடைக்காடு முழுவதும் பருத்தியும் உளுந்தும் விதைத்துவிட்டாய். ஊரில் ஒருவரும் விதைப் பையில் கை வைக்கவில்லை, புரட்டாசி போகட்டும் என்று இருந்தார்கள். உன் பயிர் முளைத்து வந்தது. எல்லாரும் வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு வானம் மூடவே இல்லை. நான் திரும்பி வந்தபோது ஓடைக்காட்டில் முளை எல்லாம் நரைத்த தாடி மாதிரி நின்றது.

அன்றைக்கு டீக்கடையில் எல்லாரும் உன் வாயைக் கிளறினார்கள். "என்னவே, மழை ஏமாத்திட்டுதோ?" என்று ஒருத்தர் உனக்குத் தப்பிக்க ஒரு வழி போட்டுக் கொடுத்தார். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "மழையைச் சொல்லி என்ன செய்ய? ஒருத்தரையும் கேக்காம நான்தான் போட்டேன்" என்றாய். அத்தோடு கடையில் கேலி நின்றுவிட்டது. ஒருவர் உனக்கு டீ சொன்னார். விதை போனது போகட்டும், இவன் தேறுவான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. உனக்குத் திறமை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, வாயில் பொய் இல்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்குத்தான் இப்போது உதைக்கிறது.

ஆற்றுத் தண்ணீர்த் திட்டத்தில் நம் ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி வரப் போகிறது. ஒன்றே ஒன்று. யார் பிரசிடெண்டோ அவர் காட்டுகிற இடத்தில் கட்டுவார்கள் என்று பேச்சு. கிணறெல்லாம் உப்புக் கரிக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி பக்கத்தில் இருக்கிற குழாயில் தண்ணீர் கொட்டும், தள்ளிப் போகப் போக நூலாக விழும், கடைசி வீட்டில் காற்றுத்தான் வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதனால் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் உன்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். தொட்டி எங்கே?

வெள்ளிக்கிழமை வடக்குத் தெருவில் அம்மன் கோவில் முன்னால் உன்னை நிறுத்திக் கேட்டார்கள். "வாயால சொன்னா காணாது, சூடம் அடிச்சுச் சொல்லு" என்றார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் நம் ஊரில் கேள்வி கிடையாது. கொலை வழக்கே அதில் முடிந்திருக்கிறது. நீ கொஞ்சமும் தயங்கவில்லை. குனிந்தாய், அடித்தாய், "தொட்டி இங்கனதான்" என்றாய். குலவை போட்டார்கள். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். உன் கை சுட்டிருக்குமே என்றுதான் எனக்கு முதலில் நினைப்பு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை நான் தெற்குத் தெருவில் சவரிமுத்து வீட்டுக்குள் இருந்தேன். அது உனக்குத் தெரியாது. ஆளுக்கு ஒற்றை மாடு வைத்திருந்த காலத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டி அவன் காட்டையும் நம் காட்டையும் மாற்றி மாற்றி உழுத சிநேகம் எங்களுடையது. மல்லி விதை கேட்கப் போனவன் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாதா கோவிலில் பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. அவன் வீட்டுக்கு எதிரே மாதா சிலை வைத்த கெபி முன்னால் நீ நின்றாய். சவரிமுத்து சம்சாரம் ஞானம்மாள்தான் கேட்டாள். "தம்பி, எனக்கு முட்டி ஒத்துழைக்க மாட்டேங்கு. அம்மன் கோவில் குழாய்ல இருந்து குடத்தைத் தூக்கிட்டு வர முடியல. தொட்டி எங்கன வைக்கப் போறீய?" நீ அவள் கையில் இருந்த மெழுகுவர்த்தியை வாங்கினாய். மாதா காலடியில் ஏற்றி வைத்தாய். "இங்கனதான் அத்தை. மாதா சாட்சி" என்றாய். காற்றில் சுடர் சாய்ந்தது. அணைந்துவிடாமல் ஞானம்மாள் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். நீ அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

சவரிமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னவே, இப்படி வேர்த்துப் போச்சு உமக்கு?" என்றான். "வெயிலு" என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னதாக ஞாபகமே இல்லை. உன்னால் அன்றைக்கு ஒன்று சொன்னேன்.

மறுநாள் காலையில் நீ கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் உன்னைப் பிடித்தேன். ஆள் ஓட முடியாத நேரம்.

"ஏலே, தொட்டி எத்தனை வருது?"

"ஒண்ணுதாம்பா."

"அது எங்கன வருது?"

"எலெக்சன் முடியட்டும்பா."

"அம்மன்கிட்ட ஒண்ணு சொல்லிருக்க, மாதாகிட்ட ஒண்ணு சொல்லிருக்க. அவிய ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டாவன்னு நெனச்சியோ?"

உன் கை நின்றது. தாடையில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அடுப்படியில் இருந்து உன் அம்மா பாய்ந்து வந்தாள். "கத்தி பிடிச்சிருக்க பிள்ளைகிட்ட என்ன பேச்சு இது? பெத்த பிள்ளைக்கு ஓட்டுப் போட இவ்வளவு விசாரணை செய்யுத மனுசனை எங்கயாச்சும் பாத்திருக்கா இந்த உலகம்?" என்றாள். நான் அவளிடம், "ஏட்டி, பெத்ததுக்கு நீ போடு. நான் பிரசிடெண்டுக்குப் போடணும்லா" என்றேன். அதற்கு நீ கண்ணாடியைப் பார்த்தபடியே ஒன்று சொன்னாய். "நான் ஒண்ணும் சொல்லாம இருந்தா வேலாயுதம் அண்ணாச்சி வந்திருவாரு. அவரு வந்தா தொட்டியே வராது. ஊருக்குத் தண்ணி வர்றதுக்கு ரெண்டு வார்த்தை கூடக் குறையச் சொன்னா என்னப்பா?"

அதை இந்த வரியை எழுதுகிற இந்த நிமிஷம் வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னதில் ஏதோ இருக்கிறது. அதனால்தான் உன்னை எதிர்த்து நிற்கிறவரையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர் கடைக்குப் போனேன். கருப்பட்டி வாங்குகிற சாக்கு. வேலாயுதம் அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க செயிச்சா தொட்டி எங்கன?"

"பாப்போம்."

"ஓடைப் பாலம்?"

"பாப்போம்வே. எல்லாம் பாத்துச் செய்ய வேண்டியதுதான்." விசிறியை நிறுத்தினார். "அது கெடக்கட்டும். உம்ம ஓட்டு யாருக்கு? மவனுக்குத்தானா?"

"பாப்போம்" என்றேன்.

கடையே அதிரும்படி சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கி, "உம்ம மவன் ரெண்டு தெருவுலயும் தொட்டி வச்சிட்டான்னு எனக்குத் தெரியும்வே" என்றார். தெரிந்தும் ஏன் வெளியே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்ன ஆவும்? ரெண்டு தெருவும் நேரா என்கிட்ட வரும். 'அப்ப நீரு சொல்லும், எங்கன?'ன்னு கேக்கும். நான் எதுக்கு வாயைக் குடுக்கணும்?" என்றார்.

வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, செல்வம். தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. ஆனால் அவர் கையில் தராசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்க எனக்கு மனசு வருமா? வராது. அப்படியானால் பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் நேர்மை இல்லை. நீயோ பொய் சொன்னாய். ஆனால் ஊருக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று உனக்கு நிஜமாகவே ஆசை இருக்கிறது, அது எனக்குத் தெரியும். அப்படியானால் ஆசை இருப்பது மட்டும் நேர்மை ஆகுமா? சாந்தி ஏன் எனக்குப் பொருள் சொல்லாமல் போனாள் என்று இப்போது புரிகிறது. அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்காது.

பிறகு இன்னொன்று தோன்றியது. அது உன் திறமையைப் பற்றியது. சவரிமுத்து வீட்டுச் சுவரை நீ பார்த்திருப்பாய். கோடைக்குக் கோடை விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது, மழை வந்தால் மூடிக்கொள்கிறது. தெற்குப் பக்கம் கரிசல் ஆழம். அங்கே அத்தனை பெரிய தொட்டியைத் தூக்கி நிறுத்தினால் நிற்குமா? நிற்கலாம். எவ்வளவோ இடத்தில் கட்டுகிறார்கள், அதற்கு ஒரு வழி இருக்கும். வடக்கே மேடு. மேட்டில் இருந்தால் தண்ணீர் தன்னால் இறங்கி வருமா, குழாயை நல்லபடி போட்டால் ஞானம்மாள் வீட்டு வாசலிலும் கொட்டுமா? கொட்டலாம். எனக்குத் தெரியாது. நான் தொட்டி கட்டியவன் இல்லை. உனக்கும் தெரியாது. யூனியன் ஆபீசில் ஓவர்சியர் இருக்கிறார். அவரைப் போய்க் கேட்டாயா? உன் கூடச் சுற்றுகிற பையன்களிடம் விசாரித்துவிட்டேன், நீ போகவில்லை. ஒருத்தரையும் கேட்காமல் போட்டேன் என்று டீக்கடையில் சொன்னாயே, அதே மாதிரித்தான் இப்போதும் விதைத்திருக்கிறாய். அப்போது உன் காட்டில். இப்போது மாதா காலடியிலும் அம்மன் வாசலிலும்.

ஆனால் அன்றைக்கு அதை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்ட ஆளும் நீதான். அதை நினைத்தால் எனக்கு வருத்தத்தைவிட ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. வெறும் வாயை வைத்துக்கொண்டு ஒரு கடை நிறைய ஆளை அமைதிப்படுத்தியவன், இப்போது ஏன் அது போதாது என்று நினைக்கிறான்? வெள்ளைச் சட்டை போட்டால் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராதா? நீ தெற்குத் தெருவுக்குப் போய், 'அத்தை, அன்னைக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், இடம் எதுன்னு இன்னும் கேக்கல, எங்க வச்சாலும் உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி விழுதான்னு முதல்ல வந்து பாக்கேன்' என்று சொன்னால் என்ன ஆகும்? திட்டுவாள். நன்றாகவே திட்டுவாள், அவள் வாய் உனக்குத் தெரியும். வடக்குத் தெருவில் இன்னும் மோசம். அடித்த சூடத்தை எப்படித் திரும்ப எடுப்பாய் என்று கேட்பார்கள். சாமிக்குத் தப்புப் பணம் கட்டு என்பார்கள். நீ தோற்றுப்போகலாம். இந்தத் தடவை பத்திருபது ஓட்டில்தான் நிற்கும் என்கிறார்கள். இதைச் செய் என்று சொல்ல எனக்கே பயமாக இருக்கிறது. இந்த இடத்தில் மை திட்டாக இருக்கிறது பார்.

என் ஓட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு ஒரு புது ஓட்டு. இத்தனை காலமும் கட்டை விரலை மையில் அமுக்கிச் சீட்டு வாங்கினேன். இந்தத் தடவை பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடப் போகிறேன். கொஞ்ச நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், மேசையில் இருக்கிற வாத்தியார் அவசரப்படுத்துவார், நான் அவசரப்பட மாட்டேன். அப்படிப் பேர் எழுதி வாங்குகிற சீட்டை, சும்மா மகன் என்பதற்காகக் குத்திவிட்டு வர எனக்கு மனசு இல்லை. மகனுக்கு எதிராகக் குத்திவிட்டு வீட்டுக்கு வந்து உன் அம்மா கையால் சாப்பிடவும் தைரியம் இல்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஓட்டு அன்றைக்குக் காலையில் பள்ளிக்கூட வரிசையில் பொம்பளைகள் பக்கம் ஞானம்மாள் நிற்பாள். முட்டி வலிக்காகக் கூட்டத்துக்கு முந்தியே வந்துவிடுவாள். நான் அவளிடம், "ஏத்தா, தொட்டி எங்கன வருதாம்?" என்று கேட்பேன். அவள் "உங்க மவன் வந்து, தெரியாதுன்னுல்லா சொல்லிட்டுப் போச்சு, வெளங்காத பய" என்று உன்னை வரிசைக்கே கேட்கும்படி திட்டினால், சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பூட்டு சாவியில் குத்துவேன். நீ ஜெயிக்கிறாயா தோற்கிறாயா என்று கவலைப்பட மாட்டேன். "இங்கனதான் அண்ணாச்சி, மாதா சாட்சியா சொல்லிருக்காவளே" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் சொன்னால், அப்போது என் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது.

உன் அம்மா நாளைக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறாள். அதன் பையில் இந்தத் தாள்களை வைக்கிறேன். பேச நிற்கும்போது கை தானாக அங்கே போகும், எனக்குத் தெரியும். ஓட்டெல்லாம் எண்ணி, மேளச் சத்தம் யார் வீட்டு வாசலில் என்று தெரிந்த பிறகு, அடுத்த வாரம் இன்னொன்று எழுதுகிறேன். நீ பிரசிடெண்ட் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அதன் தலையில் 'செல்வத்துக்கு' என்றுதான் இருக்கும். நான் நன்றாக எழுதப் பழகியிருக்கிற பெயர் அதுதான்.

அப்பா